தயங்கி விழுந்த ரப்பர்

நான் வேலையை விட்ட பிறகும் சைக்கிள் கடையிலிருந்து போன் வருவது நிற்கவில்லை. இப்போது அங்கே ரிப்பேர் பார்க்கிறவர்கள் ஏதாவது ஒரு பிரேக்கைப் பிரித்துப் போட்டுவிட்டு, கெட்டுப்போன பாகத்தைப் படம் எடுத்து அனுப்புவார்கள். கூடவே ஒரே கேள்விதான்: இது எங்கே கிடைக்கும்? போன மாதமும் ஒரு படம் வந்தது. பிரேக் லிவருக்குள் இருக்கும் சின்னக் கறுப்பு ரப்பர். இடத்தைச் சொல்லிவிட்டு போனை வைத்திருக்கலாம். ஆனால் இடம் மட்டும் தெரிந்துகொண்டு போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதனால் இதை எழுதுகிறேன்.

நான் தாராவியில் வளர்ந்தவன். வாப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பட்டறை வேலைக்கு வந்தவர். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தேன், பிறகு சைக்கிள் கடைக்குப் போய்விட்டேன். பஞ்சர் ஒட்டுவது, சக்கரத்தில் கோட்டம் எடுப்பது எல்லாம் எல்லோரும் பழகுவது போலத்தான் பழகினேன். மாட்டுங்காவில் சுந்தரேசன் சார் வெளிநாட்டு சைக்கிள்களுக்கென்று கடை திறந்தபோது அங்கே சேர்ந்தேன். கண் பார்வை மங்கி, சின்னத் திருகாணியின் தலை இரண்டாகத் தெரியத் தொடங்கும் வரை அங்கேதான் இருந்தேன்.

மலையில் ஓட்டுகிற சைக்கிளின் பிரேக் நம் ஊர் சைக்கிள் பிரேக் மாதிரி இல்லை. மோட்டார் சைக்கிளைப் போல சக்கர நடுவில் ஒரு தட்டு. கைப்பிடியில் இருக்கும் லிவரை அழுத்தினால் குழாய்க்குள் இருக்கும் எண்ணெய் நகர்ந்து தட்டைக் கவ்வும். நன்றாக இருக்கும் வரை ஒரு விரல் போதும். கெட்டால்தான் தொல்லை. கம்பெனிக்காரர்கள் மாடலை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். நாலைந்து வருடம் போனால் உள்ளே இருக்கும் ரப்பரும் பின்னும் வருவதில்லை, முழு பிரேக்கையே மாற்றச் சொல்வார்கள். சாருக்கு அது பிடிக்காது. "ஒரு மோதிரம் அளவு ரப்பருக்காக முழுசையும் தூக்கிப் போடறதாவது" என்பார். அப்புறம் என்னைப் பார்ப்பார். தேடிப் போவது என் வேலை.

எனக்கோ புது ஆளிடம் வாய் திறப்பதென்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். குர்லாவில் பழைய மோட்டார் சாமான் கடைகளின் முன்னால், உள்ளே கூட்டம் குறையட்டும் என்று வெகுநேரம் நின்றிருக்கிறேன். கூட்டம் குறைந்ததும், தனியாகப் பேச வேண்டியிருக்கிறதே என்று மறுபடி கூட்டம் சேரக் காத்திருப்பேன். சைக்கிளுக்கு என்று சொன்னால் சைக்கிளில் ஏது எண்ணெய் பிரேக் என்று சிரிப்பார்கள். இம்போர்ட்டட் என்று சொன்னால் விலையை ஏற்றி ஆளே மாறிவிடுவார்கள். அதனால் நான் ஒரு வழி வைத்திருந்தேன். கைக்குட்டையை விரித்து, பழைய பாகத்தை அதில் வைத்து, கவுண்டரில் நகர்த்துவேன். எதற்கு என்று சொல்வதில்லை. "இதே மாதிரி" என்று மட்டும் சொல்வேன். அவர்களே பார்த்து, உரசி, அளந்து, இருந்தால் தருவார்கள்.

எல்லாம் கடையில் கிடைத்ததும் இல்லை. ஒரு முறை ஒரு பழைய பிரேக்குக்குக் கட்டை தேவைப்பட்டது. தட்டை இரண்டு பக்கமும் கவ்வுகிற தகடுதான் கட்டை. முலுண்டில் ஒருவர் தன் பழைய பிரேக்கைக் கழற்றிப் பரணில் போட்டிருக்கிறார் என்று சாருக்குத் தெரிந்தது. அவரிடம் போனில் சொல்லிவிட்டு என்னை அனுப்பினார். அவர் தன் மனைவியிடம் சொல்லவில்லை. நான் மணி அடித்து, மனைவி கதவைத் திறந்ததும், வார்த்தை வராமல் பையைக் காட்டினேன். இன்று பழைய சாமான் எதுவும் இல்லை, பேப்பர்க்காரன் நேற்றே எடுத்துப் போய்விட்டான் என்று இந்தியில் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். படியிலேயே நின்றேன். உள்ளே அவர் போனில் தன் அம்மாவிடம் தமிழில், பழைய சாமான்காரன் ஒருத்தன் மணியடித்துவிட்டு முழித்துக்கொண்டு நின்றான் என்று சொல்வது கேட்டது. தமிழ் என்றதும் கொஞ்சம் தைரியம் வந்தது. மறுபடி மணி அடித்து, "நான்தான்மா அந்த முழிச்சவன், மாட்டுங்கா சைக்கிள் கடை" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் போனே கையை விட்டு நழுவியது. கட்டையோடு டீயும் கிடைத்தது.

சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாலக்காட்டுக் குடும்பம். பாங்க் வேலையை விட்டுவிட்டுக் கடை திறந்தவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பிரேக்கைப் பிரிக்கும்போது வெள்ளைத் துண்டை விரித்து, கழற்றிய வரிசையிலேயே இடமிருந்து வலமாக வைப்பார். நடுவில் யாராவது தும்மினாலும் கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். மனசுக்குச் சரிப்படாத விஷயம் என்றால் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்குவார். துடைக்கத் துடைக்க நமக்குப் பயம் கூடும்.

வெளியிலிருந்து வந்த எந்த ரப்பரையும் அவர் நேராக மாட்ட விடமாட்டார். அவரிடம் ஒரு பித்தளைத் தகடு இருந்தது. வரிசையாகத் துளைகள், ஒவ்வொன்றும் ஒரு அளவு. புது ரப்பரை அதன் துளையில் வைத்தால் தன் எடையில் தானாகக் கீழே விழ வேண்டும். பிறகு அதை, அந்த பிரேக்கில் ஊற்றும் எண்ணெயிலேயே ஒரு சின்னப் புட்டியில் இரவு முழுக்க ஊறப்போடுவார். காலையில் துடைத்துவிட்டு மறுபடி அதே துளை. விழுந்தால் மாட்டலாம். உட்கார்ந்துவிட்டால் ரப்பர் எண்ணெயைக் குடித்துப் பெருத்திருக்கிறது, குப்பையில் போட வேண்டும். கடையில் எல்லோரும் இதைக் கேலி செய்வார்கள். ரப்பருக்கு ஜாதகம் பார்க்கிறார் என்பார்கள்.

ரேவதி மேடம் வந்தது ஒரு மே மாதம். செம்பூரில் வீடு. சில வருடம் முன்பு லோக்கல் ரயிலிலிருந்து விழுந்து இடது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. அதற்கு முன்பே மலையில் ஓட்டியவர். விடவில்லை. வெளிநாட்டில் ஒரு சின்னக் கம்பெனி செய்த லிவரைத் தேடி வாங்கி வலது பக்கம் பொருத்தியிருந்தார். ஒரே லிவர், அதிலிருந்து இரண்டு குழாய், முன் சக்கரம் பின் சக்கரம் இரண்டும் சேர்ந்து நிற்கும். அந்த லிவர் கசியத் தொடங்கியிருந்தது. கம்பெனி அதைச் செய்வதையே நிறுத்திவிட்டது.

சார் பிரித்தார். உள்ளே கிண்ணம் போல ஓரம் விரிந்த ஒரு ரப்பர், ஓரத்தில் கீறல். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மற்ற சைக்கிளில் ஒரு பிரேக் போனால் இன்னொன்று இருக்கும். இதில் அந்த ரப்பர் போனால் எல்லாம் போயிற்று. அதுவும் மலையிறக்கத்தில். எங்களுக்கு அந்தக் கவலை. மேடத்துக்கோ வேறு கவலை. விபத்துக்குப் பிறகு அவர் பெரிய மலை எதுவும் ஏறவில்லை. அவருடைய கூட்டாளிகள் வரும் ஞாயிற்றுக்கிழமை மாத்தேரான் மலை ஏறப் போகிறார்கள், மழை தொடங்கிவிட்டால் இனி பல மாதம் முடியாது. "பாய், எல்லாரும் என்னைப் பாத்துட்டு, நீ கீழயே வெயிட் பண்ணுனு சொல்றாங்க. ஒரே ஒரு தடவ ஏறி இறங்கிக் காட்டிட்டேன்னா போதும்" என்றார். அவர் கெஞ்சவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

குர்லா, காட்கோபர் எல்லாம் அலைந்தேன். கைக்குட்டையை விரித்த இடத்தில் எல்லாம் தலையை ஆட்டினார்கள். கடைசியில் தாராவியிலேயே, எங்கள் சந்துக்கு அடுத்த சந்தில், செல்லத்துரை அண்ணாச்சியின் பட்டறைக்குப் போனேன். ரப்பரை அச்சில் வைத்துச் சூடாக்கி அழுத்தி, குக்கர் வளையம், பம்பு வாஷர் எல்லாம் செய்கிறவர். எதுவும் இல்லாவிட்டால் அச்சு வெட்டிப் புதிதாகவே செய்து தருவார்.

எப்போதும் போலக் கைக்குட்டையை நகர்த்தினேன். அண்ணாச்சி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "என்னவே இது, எறும்புக்குச் சட்டி செஞ்ச மாதிரி இருக்கு" என்றார். இவ்வளவு சின்னதுக்கு அச்சு வெட்ட முடியாது, நேரம் இல்லை என்றார்.

அன்றைக்கு நான் என் வழக்கத்தை விட்டேன். ஒரு கை இல்லாத பிள்ளைக்கு, மலையில் ஓட்டுகிற சைக்கிளுக்கு, பிரேக்குக்கு என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. அண்ணாச்சி கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தார்.

"பிரேக்குக்கா? உசுரு சமாச்சாரம்லா. முதல்லயே சொல்லப்பிடாதாவே? செஞ்சிருந்தாலும் பம்புக்குப் போடுற ரப்பர்லதான் அடிச்சித் தந்திருப்பேன். இருக்கதுலயே ஒசத்தியா போடுதேன், போ."

அவரே உட்கார்ந்து அச்சு வெட்டினார். ஒன்றுக்கு நாலாகச் செய்து கொடுத்தார்.

சார் தகட்டில் வைத்தார். விழுந்தது. கூட இன்னொன்றையும் சேர்த்துப் புட்டியில் போட்டார். மறுநாள் காலை துடைத்து வைத்தார். விழுந்தது. ஆனால் விழுவதற்கு முன்னால் அது ஒரு கணம் நின்ற மாதிரி எனக்குப் பட்டது. சொல்லலாமா வேண்டாமா என்று இருந்தது. சொன்னேன்.

"சார், தயங்கி விழுந்த மாதிரி இருந்துது."

சார் மறுபடி வைத்தார். விழுந்தது. இன்னொரு முறை. விழுந்தது. "விழறதே மைதீன்" என்றார். அவர் கண்ணாடியைத் துடைக்கவும் இல்லை. நான் வழக்கமாகவே எதற்கும் பயப்படுகிறவன் என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் பேசாமல் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை மாட்டினோம். எண்ணெய் ஏற்றி, காற்றை வெளியேற்றி, சார் கடை முன்னால் மேடத்தைப் பலமுறை ஓட்டி நிறுத்தச் சொன்னார். லிவர் கல் மாதிரி உறுதியாக இருந்தது. மேடம் போன பிறகு, அதோடு ஊறிய இன்னொரு ரப்பர் புட்டியிலேயே கிடந்தது. எனக்கு மனசு ஆறவில்லை. புட்டியையும் தகட்டையும் கேட்டேன். "எடுத்துண்டு போ, அப்பவாவது தூங்குவே" என்று கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை தொழுதுவிட்டு வந்து அலமாரியிலிருந்து புட்டியை எடுத்தேன். ரப்பரைத் துடைத்துத் துளையில் வைத்தேன். அது உட்கார்ந்தது. தகட்டைத் தட்டினேன், அசையவில்லை. துளைக்குள் போகவே இல்லை, மேலேயே தொப்பி மாதிரி இருந்தது.

ரப்பர் பெருத்தால் லிவருக்குள் இறுகும். அழுத்திய லிவர் முழுசாகத் திரும்பி வராது. எண்ணெய் திரும்ப வழியில்லாமல் கட்டைகள் தட்டை விடாமல் உரசிக்கொண்டே இருக்கும். உரசிச் சூடேறும். சூடேறினால் இன்னும் இறுகும். இறக்கத்தில் எந்த இடத்தில் இரண்டு சக்கரமும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும், அல்லது எந்த இடத்தில் ரப்பர் மடங்கி ஒன்றுமே பிடிக்காமல் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சாருக்குப் போன் செய்தேன்.  அவர், "நான் போன் பண்ணிண்டே இருக்கேன். நீ கிளம்பு" என்றார். மேடத்தின் போன் கிடைக்கவில்லை. மலையில் சிக்னல் வந்து வந்து போகும்.

குர்லாவில் கர்ஜத் வண்டியைப் பிடித்தேன். ஞாயிறு என்பதால் உட்கார இடம் இருந்தது, உட்கார முடியவில்லை. நேரலில் இறங்கி மலைக்குப் போகும் ஷேர் டாக்சியில் ஏறினேன். ஆள் சேர்ந்தால்தான் எடுப்பேன் என்றார் டிரைவர். சீக்கிரமே ஒரு குடும்பம் வந்து ஏறியது, நான் கெஞ்சியதைக் கேட்டு நெருக்கி உட்கார்ந்து என்னை ஜன்னல் ஓரம் விட்டது. டிரைவரிடம், வழியில் ஒரு கை இல்லாத பெண் சைக்கிளில் வந்தால் நிறுத்துங்கள் என்றேன். இந்தியில் அதை எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. வண்டியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வேறு நாளாக இருந்தால் அந்தப் பார்வைக்கே இறங்கிப் போயிருப்பேன்.

அந்தப் பாதை வளைவு மேல் வளைவு. ஒவ்வொரு வளைவிலும் மேலிருந்து சைக்கிள்கள் விர்ரென்று இறங்கிக்கொண்டிருந்தன. ஹெல்மெட் போட்டால் எல்லோரும் ஒரே மாதிரி. நான் முகத்தைப் பார்க்கவில்லை, இடது கையைத்தான் பார்த்தேன். இரண்டு கை. இரண்டு கை. இவர்களும் இரண்டு கை. அதற்குள் பக்கத்தில் இருந்த அம்மாவும் ஜன்னல் பக்கம் சாய்ந்து என்னோடு சேர்ந்து கைகளைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். ஏற்கெனவே இறங்கிப் போயிருந்தால் என்று நினைத்தேன். அப்படியென்றால் நாங்கள் தாண்டி வந்த ஏதோ ஒரு வளைவுக்குக் கீழே என்று நினைத்து, மேலே நினைக்காமல் நிறுத்தினேன்.

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால், பாதை ஓரச் சுவரை ஒட்டி ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே நடந்துகொண்டிருந்தார். ஒரு கையால் தள்ளினால் சைக்கிள் ஒரு பக்கமாகவே இழுக்கும். இழுத்து இழுத்து நேராக்கிப் போய்க்கொண்டிருந்தார்.

"ரோக்கோ, நிறுத்துங்க" என்று இந்தியும் தமிழுமாக நான் கத்தியது எனக்கே கேட்டது.

மேடம் என்னைப் பார்த்து ஆச்சரியப்படக்கூட இல்லை. முகம் சிவந்து, உப்புப் பூத்திருந்தது. அழுதிருக்கிறார் என்று தெரிந்தது. மற்றவர்கள் எப்போதோ மேலே போய்விட்டார்கள்.

"என்னால முடியல பாய்" என்றார். "அடிவாரத்துலயே கால் செத்துப் போச்சு. முன்னாடியெல்லாம் நிக்காம ஏறுவேன். அவங்க சொன்னது கரெக்ட்தான். நான் கீழயே வெயிட் பண்ணிருக்கணும். மேல போய், மெதுவா இறங்கியாவது வந்துடறேன்."

  சைக்கிளின் பின் பக்கத்தைத் தூக்கி, பெடலைக் கையால் வேகமாகச் சுற்றிவிட்டேன். நல்ல சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். இது ஒரு சுற்றுகூட முடியாமல் முனகி நின்றது. முன் சக்கரத்தையும் தூக்கித் தள்ளிக் காட்டினேன். அதுவும் நின்றது. தட்டின் பக்கத்தில் விரலைக் கொண்டுபோனாலே சூடு அடித்தது.

"பிரேக் பிடிச்சிக்கிட்டே இருக்கு மேடம். ரப்பர் ஊறிப் போச்சி. நீங்க பிரேக்கப் போட்டுக்கிட்டேதான் இவ்வளவு தூரம் ஏறியிருக்கீங்க."

அவர் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தானே ஒரு முறை தூக்கிச் சுற்றிப் பார்த்தார். நின்றது.

"அப்ப நான் இல்லையா?" என்றார்.

"நீங்க இல்ல மேடம்."

சுவரில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். அந்த ஷேர் டாக்சி இன்னும் போகாமல் நின்றுகொண்டிருந்தது. அந்த அம்மா தண்ணீர் பாட்டிலை ஜன்னல் வழியாக நீட்டினார்.

மேலே போகவில்லை. சைக்கிளுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர், நடந்தே இறங்கினோம். வழியில் சிக்னல் வந்த இடத்தில் சாருக்குச் சொன்னேன். அவர், "ஜாக்கிரதையா இறங்குங்கோ" என்றார். அவர் கண்ணாடியைக் கழற்றியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் சாரே என்னோடு தாராவிக்கு வந்தார், அண்ணாச்சியின் பட்டறைக்குள் தலை குனிந்து நுழைந்தார். அங்கேதான் விஷயம் புரிந்தது. மோட்டார் வண்டி பிரேக்கில் ஊற்றுவது எண்ணெயே இல்லை, அது வேறு திரவம். அதற்கென்று தனி ரப்பர், அது எண்ணெயைத் தொட்டால் மெல்ல ஊறும். மேடத்தின் பிரேக்கில் இருப்பது எண்ணெய். பார்க்க எல்லா ரப்பரும் ஒரே கறுப்பு. பிரேக் என்று நான் சொன்னதால், அண்ணாச்சி பம்பு ரப்பரை ஒதுக்கிவிட்டு, மோட்டார் பிரேக்குக்கு என்று வைத்திருந்த உயர்ந்த ரப்பரில் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார். பம்பு ரப்பர்தான் சரியானது. மெல்லிய வாஷர்கள் ஓர் இரவில் காட்டிக்கொடுத்துவிடும், இந்தக் கனமான கிண்ணம் மெதுவாக ஊறியது. அண்ணாச்சி நெற்றியில் கை வைத்துக்கொண்டார். யாரும் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கே பழைய அச்சில் வேறு ரப்பர் அடித்தார். சார் அதை இரவு முழுக்க இல்லை, மழைக்காலம் முழுக்க ஊறப்போட்டார். தினமும் காலையில் கடை திறந்ததும் தகட்டில் வைப்பார். தினமும் அது தயங்காமல் விழுந்தது. யாரும் ஜாதகம் என்று சிரிக்கவில்லை.

அதனால் படம் அனுப்பிக் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கைக்குட்டை மட்டும் போதாது, பிரேக் என்று சொன்னாலும் போதாது. அந்த பிரேக்கில் இருக்கும் எண்ணெயைப் புட்டியில் எடுத்துக்கொண்டு போங்கள். ரப்பரை அதில் போட்டுப் பல நாள் பாருங்கள். பார்க்கிற யாருக்காவது தயங்கின மாதிரி தெரிந்தால், மாட்டாதீர்கள்.

மழை முடிந்து மேடம் மறுபடி மாத்தேரான் போனார். நான் நேரலில், மலைப்பாதை முடிகிற இடத்தில் போய் நின்றேன். யாரும் கூப்பிடவில்லை. வீட்டில் இருக்க முடியவில்லை. முதலில் அவருடைய கூட்டாளிகள் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள், எல்லோருக்கும் இரண்டு கை. ரேவதி எங்கே என்றால் பின்னால் வருகிறாள் என்றார்கள். டீ குடித்தார்கள். நான் குடிக்கவில்லை. கடைசி வளைவு காலியாகவே இருந்தது. தகட்டில் விழுந்த ரப்பரை மனசுக்குள் மறுபடி மறுபடி விழ வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் வளைவில் ஒரு ஹெல்மெட் தெரிந்தது. சைக்கிள் நிதானமாக வந்து, எனக்கு ஒரு அடி முன்னால் இரண்டு சக்கரமும் சேர்ந்து நின்றது. மேடம் மூச்சு வாங்கிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார். நான் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னார்.

"பிரேக் நல்லாயிருக்கு பாய். இன்னைக்கு லேட்டானது நான்தான்."